பிள்ளையார் சுழி போட்ட மேக்ரோ

சங்கரன்கோவிலில் நிர்மலாதேவி நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் எத்தனையோ இதயங்கள் இணைந்தன. இணையாத ஓர் இதயம் அங்கேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது. பெயர் சங்கரசுப்பு. வயது நாற்பத்திரண்டு.

வரன்களின் விவரமெல்லாம் டேட்டாபேஸில் கிடந்தது. அதை எக்செலுக்கு இழுத்துவர சங்கரசுப்பு மேக்ரோ என்ற குட்டி நிரல் ஒன்றை எழுதினார். ஆட்கள் வந்தார்கள், பெயர், வயது என்ற தலைப்புகள் வரவில்லை. தலைப்புகளையும் வரவழைத்த அன்று, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். ஆனால் பிள்ளையார் சுழி இல்லாமல் எதைத் தொடங்கினாலும் விளங்காது என்பது அவர் நம்பிக்கை. முதல் கட்டத்தில் ‘உ’ விழும்படி செய்தார். தலைப்புகள் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப் போயின. கீழே இருந்த விவரங்கள் அசையவில்லை. கண்ணீர் மறைத்திருக்கும், அவர் கவனிக்கவில்லை.

‘உ’வின் கீழே பெயர். ‘பெயர்’ என்பதன் கீழே வயது. ‘வயது’ என்பதன் கீழே ஆயிரங்களில் குறித்த சம்பளம். ‘சம்பளம்’ என்பதன் கீழே எடை. நன்றாகச் சம்பாதித்தவர்கள் கிழவர்களானார்கள். ஒல்லியானவர்கள் ஏழைகளானார்கள்.

வாசுதேவநல்லூர் மாலாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து சங்கரசுப்புவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வீட்டுக்குப் போகும் பட்டியலில் தன்னையும் களவாகச் சேர்த்தார். சம்பளத்தை இருபத்தெட்டாயிரம் என்று கூசாமல் ஏற்றினார்.

மாலாவின் அப்பா சண்முகையா மகளோடு நேரே வந்துவிட்டார்.

“இருவத்தெட்டு வயசு, எம்பத்தஞ்சாயிரம் சம்பளம்! இந்த சங்கரசுப்புப் பையன் எங்கன இருக்கான்?”

சங்கரசுப்பு எழுந்தார். வழுக்கை மின்னியது.

“நாந்தான் மாமா.”

“யாருக்குவே மாமா?”

மாலா தன் போனில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். “தலைப்பெல்லாம் ஒரு கட்டம் தள்ளி நிக்குப்பா. எம்பத்தஞ்சு இவரு எடை.”

“பாத்தா கூட இருக்கும் போலயே!”

நிர்மலாதேவிக்கு முகம் சிவந்தது. “அந்த ‘உ’வ எடுங்க சங்கரசுப்பு.”

“பிள்ளையாரையா மேடம்?” மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“அவரே கல்யாணம் ஆகாதவருதான். எடுங்க.”

எடுத்தார். தலைப்புகள் தத்தம் இடத்துக்கு வந்தன. அறுபது வயதுக் கிழவர் என்று மாலா வீட்டில் சிரித்து ஒதுக்கிய குருவிகுளம் பேச்சிராஜா, ஒரு நொடியில் முப்பது வயதும் அறுபதாயிரம் சம்பளமுமாக எழுந்து நின்றார். மாலா முதல்முறையாகப் புன்னகைத்தாள்.

“இந்தப் பையனுக்கு ஒரு போனப் போடும்வே,” என்றார் சண்முகையா.

மேக்ரோ எழுதிய அதே விரல் நம்பரை அழுத்தியது.

“பேச்சிராஜாவா? ஒங்களுக்கு ஒரு நல்ல எடம் வந்திருக்கு,” என்றார் சங்கரசுப்பு. “பொண்ணு இங்கனதான் இருக்கா. ரொம்ப நல்ல பொண்ணு.”