பதினாறு மணி நேரத்தில் டொராண்டோவிலிருந்து வரலாமாம்!

வல்லம் வடகாலில் எங்கள் எதிர்வீட்டு சூசைராஜ் இறந்த அன்று, டொராண்டோவிலிருந்து மகள் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று ஓய்வுபெற்ற அதிகாரியான என்னைக் கேட்டார்கள். இணையத்தில் பார்த்து, "சென்னைக்குப் பதினாறு மணி நேரம்" என்றேன். அதை நம்பி, மறுநாள் மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்று போஸ்டர் ஒட்டினார்கள்.

அந்த இணையதளத்து மேதாவிகள் வானத்தில் நேர்கோடு போட்டு அளந்திருக்கிறார்கள். நேரடி விமானமே கிடையாது என்று அவர்கள் எழுதவில்லை. பிறர் கோப்புகளில் பிழை பிடித்தே காலம் தள்ளிய நானும் விசாரிக்கவில்லை.

நான்கு மணிக்கு மகள் துபாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தாள். "இன்னா சார் உங்க கணக்கு? எம்பொண்ணு அப்பன் மொகத்தப் பாக்காமலே பொட்டிய மூடச் சொல்றீங்களா?" என்று சூசைராஜின் மனைவி கத்தினார். நல்லவேளையாக, பாதிரியார் அடக்கத்தை மறுநாள் காலைக்கு மாற்றினார். மகள் வந்து பார்த்துவிட்டாள்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும், வருபவரின் டிக்கெட்டைப் பார்க்காமல் நான் நேரம் சொல்வதில்லை. போஸ்டர் அடிக்கவும் விடுவதில்லை.