பின்சீட்டுக்காரியின் எடை

இல்லை, இந்த பைக் குழுவில் சிலர் கேட்டதுபோல் அழகுக்காக மாற்றவில்லை. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் ஒழுகுகிறது. அதை வைத்துக்கொண்டு மூணாறு மலை ஏற முடியாது.

சாலைக் கடைத்தெருவில் பைக் சாமான் விற்கும் நாகர்கோவில் அண்ணாச்சி இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார்.

"இது மெத்தை மாதிரி இருக்கும். ஒத்தையாளுக்குப் போதும். இந்தத் தடிச்ச ஸ்பிரிங்னா ரெண்டாளையும் பெட்டியையும் தாங்கும். பின்னால தங்கச்சிதானே இருப்பா? எத்தன கிலோ காணும்?"

"ஐம்பத்திரண்டு" என்றேன்.

என் மனைவி விஜி ஏப்ரலில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவருக்குத் தெரியாது. மறைக்க நினைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு விடை தெரிந்திருந்தது, சொன்னேன்.

"அப்போ தடிச்சதுதான்." மாட்டிவிட்டு, ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஐந்தில் மூன்றாம் கட்டத்துக்குத் திருகினார். திருகும் ஸ்பானரையும் கையில் தந்தார். "அவள வச்சு ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லு, கேட்டியா."

சரி என்றேன்.

கிழக்கேகோட்டை தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி என்னைத் தூக்கிப் போட்டது. ஷாக்கில் குறையில்லை. ஐம்பத்திரண்டு கிலோ குறைந்தால் அது அப்படித்தான் ஓடும்.

தடித்த ஸ்பிரிங்கோடு தனியாக நெடுந்தூரம் போகிறவர்கள் எந்தக் கட்டத்தில் வைக்கிறீர்கள்? எண் மட்டும் எழுதினால் போதும். ஆறுதல் நிறைய வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பானரை எடுத்து ஒன்றுக்கு இறக்கி வைத்தேன்.