நாலாவது கைப்பிடி ஹொப்ஸ்

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு சிறு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். நானும், மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்க அண்ணை ஒருவரும். தொழிற்சாலை வேலை, மற்ற நேரம் தபால்காரனுக்காகக் காத்திருப்பது; எண்பதுகளின் நடுவில் எங்கள் சீவியம் அவ்வளவுதான். பொழுது போகாமல் பியர் காய்ச்சப் பழகினேன். டின்னில் விற்கும் மால்ட் பாகைத் தண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் என்ற காய்ந்த பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் தூவி வாளியில் மூடிவைப்பேன். இரண்டு தரம் சரிவந்ததும் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வந்துவிட்டது.

அந்த நேரம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. ஏஜென்சிக்காரன் எல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டானாம். அடுத்த மாதம் கிழக்கு பேர்லினில் இறங்கி என்னிடம் வருகிறானாம். பாஸ்போட்டுக்கு எடுத்த படம் ஒன்றையும் வைத்திருந்தான். என் பியரைப் பற்றி நான் எழுதியிருந்ததற்குக் கடைசி வரியில் பதில்: 'சோடாத் தண்ணியைத் தந்து பியர் எண்டு ஏமாத்தாதை. நல்லாக் கசக்கவேணும்.' அங்கே ஆமி பொடியன்களைப் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோன காலம். அவன் உயிரோடு வந்து சேர்ந்தால் போதும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது.

அண்ணையும் நானும் பியர் காய்ச்சும் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்கார டேனிஷ் கிழவர், புது இன ஹொப்ஸ் வந்திருக்கிறது என்று ஒரு பையை நீட்டினார். தோடம்பழத் தோல் வாசம் அடித்தது. பழையதைவிட இரட்டிப்புக் கசப்பு, பாதிதான் போடவேண்டும், நிறுத்துப் போடு என்று இரண்டு தரம் சொன்னார். நன்றாக விளங்கியது. தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளை நிறுத்துப் போட்டவர் யார்? வழக்கமான மூன்று கைப்பிடியையும் போட்டேன். பிறகு தம்பிக்கென்று இன்னொரு கைப்பிடி.

"பாதியெண்டெல்லோ அந்த மனிசன் சொன்னது?" என்றார் அண்ணை.

"உங்களுக்கில்லை அண்ணை, அவனுக்கு. பேசாமல் இருங்கோ" என்று பாய்ந்தேன். ஆனால் அன்று எனக்குச் சரியான சந்தோஷம். கிண்டக் கிண்டப் பாட்டும் பாடினேன்.

பத்தாம் நாள் போத்தல்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் காய்ச்சிய திகதியை எழுதி ஒட்டினேன். அடுத்த கிழமை அக்காவின் கடிதம் வந்தது. தம்பியைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்களாம். மறுநாள் காலையில் வீதியில் செத்துக் கிடந்தானாம். அந்தத் திகதியை எழுதி, எட்டுச் செலவும் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு பொறுக்கி எடுத்து நீவினேன்.

"எங்கட ஆக்கள் முப்பத்தோராம் நாள் பூசை குடுக்கிறது. உங்கட முறை என்னெண்டு சொல்லும், செய்வம்" என்றார் அண்ணை.

எங்கள் முறையில், செத்தவர் விரும்பித் தின்றதையும் குடித்ததையும் எட்டாம் நாள் படைக்கவேண்டும். அந்த எட்டு எப்போதோ போய்விட்டது. கடிதம் கிடைத்த நாளிலிருந்து எட்டு எண்ணினோம். மேசையில் அவன் படத்தைச் சாய்த்து, சோறும் கோழிக்கறியும் வைத்து, ஒரு போத்தலைத் திறந்து கிளாசில் ஊற்றினேன்.

படைத்ததை வீட்டிலுள்ளவர்கள் பகிர்ந்து உண்ணவேண்டும். அண்ணை ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினார். துப்பவில்லை. மிச்சத்தை நான் குடித்தேன். வேப்பங்காயை மென்றதுபோல நாக்கு மரத்துப்போனது. உயிரோடு இருந்திருந்தால் என் முகத்திலேயே கொப்பளித்திருப்பான், அப்படியான வாய்க்காரன். எனக்கு அழுகை வந்தது.

வெறும் போத்தலை எடுக்கும்போது நான் ஒட்டிய திகதி கண்ணில் பட்டது. அக்கா எழுதியிருந்த திகதியிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். பிழையோ என்று திரும்பவும் எண்ணினேன். நான் பாட்டுப் பாடிக்கொண்டு அந்த நாலாவது கைப்பிடியைப் போட்டபோது, அவன் செத்துப் பதினொரு நாள்.