நிலத்துக்கடியில் மருந்து

வீடு கட்டியபோது அறைகளின் நிலத்தை உயர்த்த மண் தேவைப்பட்டது. என் மனைவியின் தமையன் நீர்வேலியிலுள்ள தன் வாழைத் தோட்டத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். தங்கச்சியின் வீட்டுக்குப் பிறத்தியாரின் மண்ணா என்ற பிடிவாதம் அவருக்கு. ஆனால் வாழை நிற்கும் இடத்தில் கைவைக்க எந்தக் கமக்காரனுக்கு மனம் வரும்? ஒன்றும் முளைக்காத மூலையைத்தான் வெட்டினார். வருடக்கணக்காகப் பூச்சிமருந்து கலக்கி, மருந்தடிக்கும் தாங்கியைக் கழுவி ஊற்றிய மூலை. ஏன் முளைக்கவில்லை என்று அவர் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே கொங்கிறீற்று விழுந்தது. மாபிள் பதித்தோம். பால் காய்ச்சினோம்.

முதல் மாரி முடிந்து வெயில் எறித்த நாளில் மகளின் அறையில் ஒரு மணம் எழுந்தது. இனிப்பும் கசப்புமாய்த் தொண்டையில் நின்றது. சுவரோரம் ஒரு மயிரிழை வெடிப்பு. குனிந்து மூக்கை வைத்தேன். மருந்து. சீமெந்து பூசி அடைத்தேன். மணம் அடுத்த அறைக்குப் போய்க் குந்தியது. மனைவி வெள்ளிக்கிழமைகளில் யன்னல்களைச் சாத்திச் சாம்பிராணி போட்டாள். மகளுக்கு மூச்சுமுட்டு வந்தது. வீட்டுக்குள் இருந்தால் தோள்கள் எழும்பி எழும்பி மூச்சைத் தேடும். தெருவுக்கு இறங்கினால் அடங்கும். போய் இருக்க வேறு வீடில்லை.

மச்சானைக் கூட்டிவந்து அறையில் நிறுத்தினேன்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை," என்றார். இளந்தாரி வயதிலிருந்து மருந்தடித்த மூக்கு. "பெயின்ற் மணமாயிருக்கும். என்ரை மண்ணைக் குறை சொன்னால் சோறு செமிக்காது, மச்சான்."

"அண்ணை, மூக்கை வீட்டை விட்டிட்டே வந்தனீங்கள்?" என்றாள் மனைவி.

சிரிக்க வாயெடுத்தவர், பக்கத்து அறையில் மகள் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டு அப்படியே நின்றார். பிறகு நிலத்தில் குந்தி, மாபிளில் உள்ளங்கையை வைத்தார்.

"உந்த நிலத்தைக் கிண்டுவம். மண்ணை நானே அள்ளிக்கொண்டு போறன்."

"எங்கை கொண்டுபோய்க் கொட்டுவியள்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து வெளியே பார்த்தார். எங்கள் கிணறு. வேலிக்கப்பால் அயலவரின் கிணறு. அதற்கும் அப்பால் யாரோ ஒருவரின் வெங்காயப் பாத்தி.

மகள் மறுபடியும் இழுத்தாள். மூவரும் ஓடி ஓடி யன்னல்களைத் திறந்தோம். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.