கணக்கு சரி வந்த கிடங்கு

எண்பதுகளின் பின்பாதியில் ஆக்லாந்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கிடங்குகளுக்கு எரிவாயு ஹீட்டர் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியல் பட்டத்தோடு வந்து எட்டு மாதம் அலைந்தவன் நான். மேசையும் கால்குலேட்டரும் தந்த முதலாளியைக் கும்பிடாத குறை. பழைய ஹீட்டர் எவ்வளவு எரிவாயு தின்கிறது, எங்களுடைய உயர்திறன் ஹீட்டர் எவ்வளவு மிச்சம் பிடிக்கும், போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று ஒரு தாளில் மதிப்பிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுதான் வேலை.

ஒரு குளிர்காலத்தில் நகரின் தெற்கே பாபகூராவில் இருந்த கிடங்கு ஒன்றை அளக்கப் போனேன். லொறிகள் வந்துபோகும் பெரிய கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. நீள மேசைகளில் பெண்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணா, தமிழோ?”

“ஓம்.”

“ஹீட்டர் மாத்தப் போறியளோ? கெதியா மாத்துங்கோ. விரல் விறைச்சு, டேப் கிழிக்கவும் ஏலாமக் கிடக்கு.”

“பாப்பம்,” என்று சொல்லிவிட்டுக் கூரையின் உயரத்தை அளக்கப் போய்விட்டேன்.

கதவு திறந்திருந்தால் சூட்டில் பெரும்பங்கு வெளியே போய்விடும். எந்த ஹீட்டரை மாட்டினாலும் அப்படித்தான். பணம் திரும்ப ஒன்பது வருடம் என்று என் தாள் சொன்னது. முதலாளி இறைச்சி பேஸ்ட்ரி தின்றபடி அதை வாசித்தார். சோஸ் படிந்த விரலை நக்கி, அதே விரலால் தாளைப் பிடித்து என் எண்ணை அழித்தார்.

“கதவு மூடியிருக்கும் என்று போடு.”

“மூடுவதே இல்லை.”

“நீ போன அன்று மூடவில்லை. வருடம் முழுக்க நின்று பார்த்தாயா?”

ஒன்பது, நான்கானது. நான் கையெழுத்து வைத்தேன். வீட்டு மோர்ட்கேஜ், மனைவியின் விசா என்று அன்று எனக்குக் காரணங்கள் இருந்தன.

அந்தக் கிடங்கில் எங்கள் ஹீட்டரை மாட்டினார்கள். அடுத்த குளிர்காலத்தில் அங்கே எரிவாயு மீட்டரைப் பார்த்து வரச் சொல்லி முதலாளி அனுப்பினார். நாங்கள் தாளில் எழுதிய மிச்சம் அப்படியே வந்திருந்தது. நம்ப முடியவில்லை. ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளே போனேன். கதவு அப்போதும் திறந்தே இருந்தது. அந்தப் பெண் இரண்டு ஜேர்சி போட்டு, நுனி வெட்டிய கையுறையோடு நின்றாள். அவள் மேசையில் வெப்பமானியை வைத்தேன். பதினொரு பாகை. அவள் சுவரைக் காட்டினாள். இரும்புப் பெட்டி ஒன்று, பூட்டுப் போட்டிருந்தது.

“அதுக்குள்ள என்ன?”

“சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சாமான். திறப்பு மனேஜரின்ர பொக்கெற்றுக்குள்ள. உங்கட கணக்கு சரி வரவேணுமாம், அண்ணா. அதுக்கு நாங்கள் விறைக்கிறம்.”

மனேஜரிடம் போனேன். அவர் ஒளிக்கவில்லை. “உன் தாளைக் காட்டித்தான் தலைமை அலுவலகத்தில் பணம் வாங்கினேன். அதற்கு மேல் எரித்தால் என் தலைதான் உருளும்,” என்று சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். அவர் கை சூடாக இருந்தது. மேசைக்கு அடியில் ஒரு மின்சார ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும் என் கையைக் காற்சட்டையில் துடைத்தேன். அவர் மீது வந்த அருவருப்புக்குக் குறையாமல் என் மீதும் வந்தது.

அறிக்கையில் அந்தப் பதினொரு பாகையையும் எழுதினேன். முதலாளி அந்தப் பக்கத்தை மட்டும் உருவிக் குப்பைக்கூடையில் போட்டார். மற்றதை விளம்பரத் தாளில் அச்சடிக்கலாம் என்று என் முதுகில் தட்டினார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் பாபகூராவில் இறங்கி, அந்தப் பதினொரு பாகையை எழுதிய ஒரு தாளை அவளிடம் கொடுத்தேன்.

“இதை ஆரிட்டக் குடுக்கிறது?”

“உங்கட யூனியன் ஆளிட்ட. நான் தந்தது எண்டு சொல்லாதேங்கோ.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். பொய்த் தாளில் கையெழுத்து வைத்தவன், உண்மையான தாளில் பெயர் எழுதப் பயந்தேன்.

ஒரு கிழமைக்குள் யூனியன் ஆள் வந்து பூட்டைத் திறக்க வைத்தார். கிடங்கு சூடானது. எரிவாயுச் செலவும் ஏறக்குறைய பழைய அளவுக்கு ஏறியது. மனேஜர் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டுக் கத்தினார். யூனியன் ஆள் காட்டிய தாளின் பிரதியையும் அனுப்பினார். முதலாளி அதை என் மேசையில் போட்டார்.

“உன் எழுத்துத்தானே?”

“ஆம்.”

மத்தியானத்துக்குள் வேலை போய்விட்டது. மனேஜர் தன் நாற்காலியில்தான் இருந்தார். முதலாளியும் அடுத்த கிடங்கைத் தேடிப் போயிருப்பார்.

மூன்று மாதம், அதற்குள் விசா கிடைத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனைவியின் சம்பளத்தில் ஓடியது. பிறகு நியூ லின்னில் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கும் வேலை கிடைத்தது. முதல் நாள், முந்தின இடத்தை ஏன் விட்டாய் என்று மேற்பார்வையாளர் கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, “எல்லாரும் அப்படித்தானே கணக்குப் போடுகிறார்கள்!” என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. அவருக்குக் கீழேதான் பதினொரு வருடம் வேலை செய்தேன்.