இரண்டாம் இடத்துப் பாட்டு

இன்று அருள்புரம் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் ஒரு டி-ஷர்ட்டுக்காகச் சண்டை போட்டேன்.

எங்களிடம் சரக்கு வாங்கும் லண்டன் பையருடைய ஆர்டர். முதுகுப் பக்கம், அறுபதுகளின் கடைசியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பத்துப் பாட்டுகளின் பெயர்கள். முதல் பிரிண்டைச் சரிபார்ப்பது என் வேலை. அதில் ஆறாவது பாட்டு இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. தினமும் பஸ்ஸில் அந்தக் காலத்துப் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன். எனக்குத் தெரியாதா?

பிரிண்டிங்கை நிறுத்தச் சொன்னேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏனுங்க, பையரே அப்ரூவல் குடுத்த சாம்பிளுங்க. அதுல இருக்கறத அப்படியே அடிச்சுட்டுப் போயிரலாமுங்க. இங்கிலீஷ் பாட்டப் பத்தி நமக்கென்னங்க தெரியும்?"

"அந்த 'நமக்கு'ல என்னையச் சேர்க்காதீங்க" என்றேன். அவர் கண்முன்னாலேயே பையருக்கு மெயில் போட்டேன்.

சாயங்காலம் பதில் வந்தது. தப்பு அவர்களுடையதுதானாம், பெயரை மாற்றிவிடச் சொன்னார்கள். கண்டுபிடித்தது யார் என்றும் கேட்டிருந்தார்கள்.

"எங்கள் டீம்" என்று மேனேஜர் பதில் அனுப்பிவிட்டார்.

அந்த டீம் இப்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஆறாவது பாட்டைச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்து சீட் அக்கா முறைக்கிறார்.

நிறுத்தச் சொல்கிறவர்கள் மெயில் போடலாம்.