பூட்டிவைத்த அரிசியும் கிடைக்காத மாத்திரையும்

2020 மார்ச் மாதக் கடைசியில் என் கையில் ஒன்பது மாத்திரைகள்தான் மிச்சமிருந்தன.

பிரியமானவர்களே, என் பெயர் புஷ்பம். அருமனைக்குப் பக்கத்தில் தையல் வேலை செய்கிறேன். என் கணவர் ராஜன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறைக்காமல் சொல்கிறேன்.

எனக்கு லூபஸ் என்ற வியாதி உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும். ஒரு தடவை அது சிறுநீரகத்தைத் தொட்டு, திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தேன். அன்று முதல் தினமும் ஒரு மாத்திரை. மலேரியாவுக்கும் கொடுக்கிற மாத்திரைதான். எந்த மெடிக்கலிலும் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மார்ச்சில், இதைச் சாப்பிட்டால் கொரோனா வராது என்று யாரோ போனில் கிளப்பிவிட்டார்கள். ஒரு வியாதியும் இல்லாதவர்கள் அட்டை அட்டையாக வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். ராஜன் பைக்கை எடுத்துக்கொண்டு அருமனை, திருவட்டாறு, மார்த்தாண்டம் என்று ஏறாத கடையில்லை. எங்கும் இல்லை. ஒரு கடையில் மட்டும் நாலு மடங்கு விலை சொல்லி, அதுவும் நாளைக்கு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் அதுவும் போய்விட்டது. திருவனந்தபுரம் போகலாம் என்றால் ஊரடங்கு; மாநில எல்லையான களியக்காவிளையில் வழியை அடைத்திருந்தார்கள். மருந்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் திரும்பும் என்று டாக்டர் போனில் கண்டிப்பாகச் சொன்னார். இருப்பது தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பித்தேன். விரல்கள் வீங்கத் தொடங்கின.

அதே வாரம்தான் பலசரக்குக் கடையிலும் நெருக்கடி. காலையில் ஒரு விலை சொன்ன உள்ளி வெங்காயத்தை மத்தியானம் வேறு விலைக்கு விற்றார்கள். நானும் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆனாலும் மூன்று சாக்கு சம்பா அரிசி வாங்கி, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, தையல் அறையில் வைத்துப் பூட்டினேன். அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு லீலா முந்திரி ஆலையில் வேலை செய்கிறவள். ஆலையை அடைத்துவிட்டார்கள். கட்டட வேலைக்குப் போன அவள் கணவர் எர்ணாகுளத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாளாக மரச்சீனிக் கிழங்கையே அவித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, ரெண்டு படி அரிசி தருவியளா? ஆலை தொறந்ததும் திருப்பித் தந்திருதேன்.”

“இஞ்சயும் இல்ல மக்கா. கடையில கேட்டுப் பாரு” என்றேன்.

சரியக்கா என்று போய்விட்டாள்.

விளக்கு வைத்ததும் ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன். ஒரு வாரமாக நான் பண்ணிவந்த ஜெபம் ஒன்றுதான். ‘ஆண்டவரே, யாரோ தேவையில்லாமல் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் மாத்திரையை வெளியே கொண்டுவாரும்.’ அன்றைக்கு ‘பூட்டி’ என்ற சொல் வரை வந்தேன். அதற்குமேல் வரவில்லை. எதிரே தையல் அறைக் கதவு. அப்படியே உட்கார்ந்து அழுதேன். ராஜன் வந்து கேட்டார். லீலாவிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “காலையில கொண்டு குடு. பொய் சொன்னதையும் அவளட்ட சொல்லிரு” என்றார்.

மறுநாள் காலை ஒரு சாக்கைப் பிரித்து, பெரிய வாளி நிறைய அரிசி அள்ளிக்கொண்டு போனேன். வீங்கிய விரலில் வாளிக் கம்பி வெட்டியது. அதைவிட வாயைத் திறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நேற்று உன்னிடம் இல்லையென்றது பொய், என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன்.

லீலா வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். “தெரியும் அக்கா. ஆட்டோவுல சாக்கு எறக்குனத நான் பாத்தேன்.”

எனக்கு நிலம் பிளந்துவிடாதா என்றிருந்தது. அவள் முகத்தில் கோபமில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, இது ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்டாள். மாத்திரைக் கதையைச் சொன்னேன். அட்டையைக் காட்டச் சொன்னாள். காலி அட்டையை எடுத்துவந்து காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது டீச்சருக்க வீட்டு அலமாரியில கெடக்கே. தூசி தட்டும்போ கண்டிருக்கேன்” என்றாள்.

டீச்சர் என்றது அடுத்த தெருவில் தனியாக இருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சுலோசனா டீச்சரை. லீலா அந்த வீட்டில் சனிக்கிழமைதோறும் பெருக்கித் துடைப்பாள். அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு நேரே அங்கே போனாள்.

மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு டீச்சரே வந்தார். முற்றத்தில் தள்ளி நின்று, ஒரு துணிப்பையை மதில்மேல் வைத்தார். உள்ளே பன்னிரண்டு அட்டை. துபாயிலிருந்து மகன் சொன்னதால் கடையிலிருந்த எல்லாவற்றையும் வாங்கிவிட்டதாகச் சொன்னார். பணம் கொடுத்தேன். வாங்கவில்லை.

“ஒரு சீக்கும் இல்லாத நான் ஒனக்க மருந்தப் பூட்டி வச்சிருந்தேனே. மன்னிச்சிரும்மா.”

“நானும் அதத்தான் செஞ்சேன் டீச்சர்” என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. அவரோடு வந்து மதிலுக்கு வெளியே நின்ற லீலாவுக்குப் புரிந்தது.

அட்டையில் எழுதியிருந்ததை டாக்டருக்குப் போனில் படித்துக் காட்டினேன். அதே மருந்துதான், இன்றைக்கே தொடங்கு என்றார். வீக்கம் ஒரே நாளில் வடிந்துவிடவில்லை. மூன்று வாரம் வலியோடுதான் கிடந்தேன். ஆனால் வழி திறந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சிறுநீரகத்துக்கு ஒரு சேதமும் இல்லை என்று சொன்னார்கள். கடைகளில் மருந்து மறுபடி வரும் வரைக்கும் டீச்சர் தந்தது போதுமானதாக இருந்தது. கர்த்தருக்கு நன்றி.

மற்ற சாக்குகளையும் திறந்து, எங்கள் தெருவில் அடுப்பெரியாத வீடுகளுக்குக் கொடுத்தோம். முகக்கவசம் கடையில் நெருப்பு விலை விற்ற நாட்களில், வெட்டுத்துணியில் தைத்துச் சும்மாவே கொடுத்தேன். லீலாவும் கூட உட்கார்ந்து நாடா கட்டினாள். இன்றைக்கும் ஏதாவது வதந்தி கேட்டு ஊர் கடைக்கு ஓடினால், நான் முதலில் அவள் வீட்டுக்குப் போய், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படுவேன்.

அன்பானவர்களே, எது கிடைக்காமல் தவிக்கிறீர்களோ அதை ஆண்டவரிடம் தைரியமாகக் கேளுங்கள். அவர் தருவார், எனக்கு அதில் சந்தேகமில்லை. உங்கள் வாசலில் வந்து கேட்கிறவர்களை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நான் இல்லையென்று அனுப்பிய பெண்ணின் வாயில்தான் எனக்கான பதிலை அவர் வைத்திருந்தார்.